குட்டிக் கலைமான் உருளைக்கிழங்காக வருகிறது

அக்டோபர் 28, மாலை. கேள்வி

குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் குட்டிக் கலைமான் (சாண்டாவின் வண்டி இழுக்கிற ரெயின்டீர்) போடுகிறேன். வீடியோவில் ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள். மூன்று நாள் ஆகிவிட்டது, வந்தது உருளைக்கிழங்கு. நான்கு கால் வைத்த உருளைக்கிழங்கு. இண்டு இடுக்கில் எல்லாம் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. சேலத்தில் வாங்கிய உல்லன் சரியில்லையா, ஊசியா, என் கையா? மொத்தம் 12 வேண்டும். அதில் ஒன்று அக்கா பையனுக்கு, ஒன்றரை வயது. (அஸ்தம்பட்டி)

அக்டோபர் 28, இரவு. பதில்

ஒரு மணி நேரம் என்றது வீடியோவை ஓட்டிக் காட்டிய வேகம். நாற்பது வருஷமாக ஊசி பிடிக்கிறேன். எனக்கே உடம்பு, தலை, கால், காது, வால் என்று தனித்தனியாகப் போட்டுச் சேர்த்துத் தைக்க இரண்டு இரவு போகும். போடுவதில் பாதி நேரம், தைப்பதில் பாதி நேரம்.

உல்லனைத் திட்டாதீர்கள். ஊசியைப் பாருங்கள். லேபிளில் 4 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அது ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும், துணி தொங்க வேண்டும், மடிய வேண்டும் என்பதற்காக. பொம்மைக்குத் துணி விறைப்பாக நிற்க வேண்டும். 2.5 எடுங்கள். இறுக்கிப் போடும்போது விரல் வலிக்கும், வலிக்கத்தான் செய்யும்.

ஊசியில் நம்பர் தேய்ந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. கம்பி அளக்கிற வெர்னியரில் என் ஊசியை வைத்துப் பார்த்தேன். 3 என்று நினைத்து இருபது வருஷம் பிடித்த ஊசி 2.7 காட்டுகிறது. வீட்டுக்காரர் சிரித்தார்.

உடம்புக்கு: மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகுகிற நூல் வளையம்) 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 12. அப்புறம் 18, அப்புறம் 24. எல்லாம் டபுள் குரோஷா. சுற்றை மூட வேண்டாம், சுருளாகப் போய்க்கொண்டே இருங்கள். சுற்று தொடங்கும் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை போய்விடும்.

அக்டோபர் 29

பஞ்சு பற்றி விட்டுப்போயிற்று. இலவம்பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அதுபோல வராது, ஆனால் இழை வழுவழுப்பாக இருப்பதால் கண்ணிக்கு நடுவே நழுவி வெளியே வரும். ஒரு வருஷம் பழைய தலையணையைப் பிரித்து அடைத்தேன். வீடு முழுக்கத் தும்மல், காப்பி டம்ளரில் பஞ்சு, அதற்குள்ளே கறுப்பு விதை வேறு. பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு வாங்குங்கள். கால் கிலோ வாங்கினால் மந்தையே போடலாம்.

நவம்பர் 2

போட்டோ பார்த்தேன். உருளைக்கிழங்கு போய் டீ வடிகட்டி வந்திருக்கிறது. தப்பு என்னுடையது.

அக்டோபர் 28ல் "எல்லாம் டபுள் குரோஷா" என்று எழுதினேன் இல்லையா? நான் படித்தது கான்வென்டில், தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த பிரிட்டிஷ் கணக்கு. அதில் டபுள் என்பது அமெரிக்கக் கணக்கில் சிங்கிள். நீங்கள் பார்க்கிற வீடியோ அமெரிக்கா. அந்த டபுள் இதைவிட உயரம், எங்கள் டீச்சர் அதை ட்ரெபிள் என்பார். நீங்கள் என் சொல்லையும் அந்த வீடியோவின் கையையும் சேர்த்துப் போட்டதால், கண்ணிக்குக் கண்ணி ஜன்னல் வந்துவிட்டது.

சிங்கிள் போடுங்கள். ஊசியைக் கண்ணிக்குள் விடு, நூலை இழு, இப்போது ஊசியில் இரண்டு வளையம், நூலைச் சுற்றி இரண்டையும் ஒரே இழுப்பில் தாண்டு. அவ்வளவுதான். பெயர் எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் கை செய்ய வேண்டியது இதுதான்.

அந்தக் காலத்து நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. 1984ம் வருஷம் ஊதா மையில் எழுதிய "டபுள்" இன்றைக்கு ஒருத்தியின் மூன்று நாளைத் தின்றுவிட்டது. பிரித்து நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க முடிகிறது என்பதால்தான் நான் தையலை விட்டுவிட்டு இதற்கு வந்தேன்.

நவம்பர் 3

இன்னொன்று. அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொம்மையின் வெளிப்பக்கத்தில் படுக்கைக் கோடாகத் தெரிகிறது. அது உள்பக்கம். சட்டையைத் திருப்பிப் போட்டது மாதிரி, பொம்மை உள்வெளியாக இருக்கிறது. நல்ல பக்கத்தில் வரிசையாக "வி" எழுத்து அடுக்கினது போலத் தெரிய வேண்டும்.

வலது கைக்காரர்களுக்கு: கிண்ணம் மாதிரி குழிகிற துணியின் எதிர்ப்பக்க விளிம்பில் ஊசி வேலை செய்தால் உள்பக்கம் வெளியே வந்திருக்கும். உங்கள் பக்கத்து விளிம்பில் வேலை நடக்க வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே குப்புறக் கவிழ்த்துவிடுங்கள். கலைமான் பாதி முடிந்த பிறகு திருப்பினால் மேஜிக் ரிங் கிழியும் (கிழித்திருக்கிறேன்).

நவம்பர் 3, மறுபடி

ஒரு தம்பி கேட்கிறார்: "எனக்கு வி வரவில்லை, பெருக்கல் குறி வருகிறது, தப்பா?" தப்பில்லை. கண்ணிக்குள் விட்ட ஊசி நூலுக்கு அடியில் போய்ப் பிடித்தால் வி, நூலுக்கு மேலே போய் அழுத்தி இழுத்தால் பெருக்கல் குறி. பெருக்கல் குறி கொஞ்சம் சின்னது, இறுக்கமானது. பொம்மைக்கு இன்னும் நல்லது. ஆனால் தலையை வி-யிலும் உடம்பைப் பெருக்கலிலும் போடாதீர்கள், ஒரே 24 கண்ணி இரண்டு அளவில் வரும்.

நவம்பர் 7

"பருத்தி நூலா உல்லனா" என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் பருத்தி. கண்ணி தெளிவாகத் தெரியும், மயிர் எழும்பாது.

சேலத்தில் இருந்துகொண்டு நூலுக்கு ஆன்லைன் ஆர்டர் போடுவது எனக்கு ஒப்பவில்லை. தறிக்கு விற்கிற இருபதாம் நம்பர் இரட்டை நூல் வாங்கி நாலு இழை சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 420 மீட்டர், அதாவது கடையில் 4 ப்ளை என்று விற்கிறதே, அதே பருமன். விலையில் பாதிகூட இல்லை. 2 மி.மீ. ஊசியில் 24 கண்ணிச் சுற்று கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே, 3 செ.மீ. வருகிறது. மரத்துக்கு அதுதான் அளவு.

ஒரு குறை, நாலு இழையும் முறுக்கிக்கொள்ளாமல் தனித்தனியாக ஓடும். ஊசி மூன்றைப் பிடித்து ஒன்றை விட்டுவிடும். விட்ட இழை வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்.

நவம்பர் 16

மேலே எழுதியதை நம்பி யாராவது தறி நூல் வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

பழுப்பு நூலை அலசாமல் போட்டேன். உடம்பு முடித்து, வெள்ளைக் கால் தைத்து, பஞ்சு அழுக்காகத் தெரிகிறதே என்று சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். வெள்ளைக் கால் நாலும் கத்திரிக்காய்ப் பூ நிறம். சாயம் போகிற நூலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத்தான் ஊசிக்கு எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், சோம்பேறித்தனம்.

உப்புப் போட்டு ஊறவைத்தால் நிற்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊற வைத்தேன். நிற்கவில்லை.

நவம்பர் 18

சரி, உல்லனுக்கு வந்துவிட்டேன். கடையில் நாம் உல்லன் என்று வாங்குவதில் பெரும்பாலும் ஆட்டு ரோமமே கிடையாது, அக்ரிலிக். சாயம் விடாது, எடை குறைவு. முக்கியமாக, ஈரம் குடிக்காது. நான் செய்வதெல்லாம் ஏற்காட்டில் இருக்கிற பள்ளித்தோழி வீட்டு மரத்துக்கு. அங்கே டிசம்பரில் காலை பத்து மணிவரை மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும். பருத்தி நூலும் பருத்திப் பஞ்சும் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு பூசணம் பிடிக்கும். இதைப் போன வருஷமே பார்த்தேன், நவம்பர் 7ல் மறந்துவிட்டேன்.

அக்ரிலிக் நெருப்பில் உருகும். மெழுகுவர்த்தி பக்கம் தொங்கவிடாதீர்கள். எல்இடி சீரியல் பல்பு பரவாயில்லை.

ஒரே நிறம் இரண்டு கண்டு வாங்கினால் லேபிளில் டை லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். வீட்டுக்கு வந்து வெயிலில் வைத்தால் ஒன்று வெல்லம், ஒன்று புளி.

நவம்பர் 21

கேள்வி கேட்ட கண்ணு, உங்கள் கலைமானை இன்றைக்குப் பார்த்தேன். துணி இறுக்கமாக வந்திருக்கிறது, பஞ்சு தெரியவில்லை, வி அழகாக விழுந்திருக்கிறது. ஆனாலும் உருளைக்கிழங்குதான்.

நான் இத்தனை நாள் ஊசி, நூல், பஞ்சு என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் அதில் இல்லை. 6, 12, 18, 24 என்று ஏறி, அஞ்சு சுற்று அப்படியே போய், 18, 12, 6 என்று இறங்கினால் வருவது பந்து. கூட்டல் எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடப்படுகிறது, குறைப்பும் (இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்ப்பது) அப்படியே. ஏறின மாதிரியே இறங்குகிற உடம்பு எந்த மிருகத்துக்கும் இல்லை. மாட்டைப் பாருங்கள், முதுகு ஒரு கணக்கு, வயிறு ஒரு கணக்கு. கூட்டலைப் பங்கிடாமல் ஒரே இடத்தில் குவித்தால் அங்கே துணி புடைக்கும். குவித்த இடம் முதுகானால் திமில், அடியானால் தொப்பை, முன்னால் என்றால் தாடை.

கலைமானைப் பொறுத்தவரை எனக்கு வேறொரு சங்கடம். கொம்பு. அந்தக் கிளைக்கொம்பை 2.5 ஊசியில் போட்டால் விரல் சுளுக்குகிறது, கம்பி வைத்தால் குழந்தைக்கு ஆகாது. இன்னொன்று, கலைமானில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆண்கள் பனிக்காலம் தொடங்கும்போதே உதிர்த்துவிடும், பெண்கள் வசந்தம்வரை வைத்திருக்கும். அப்படியானால் டிசம்பர் 25ல் வண்டி இழுக்கிற கொம்புள்ளது எல்லாம் பெண்தானே? இதைச் சொன்னேன், வீட்டுக்காரர் "ராத்திரி வேலை எல்லாம் பொம்பளைங்க தலையிலதான்னு தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

நவம்பர் 21, தூக்கம் வராமல்

ஏற்காட்டில் கலைமான் ஏது? காட்டெருமை போடலாமே.

நவம்பர் 24

போடலாமா என்று கேட்டதற்கு இத்தனை சண்டையா? ஒவ்வொன்றாக வருகிறேன்.

பெயர்: காட்டெருமை என்று ஊர் சொல்கிறது, நானும் அப்படியே சொல்வேன். எருமை இனமே இல்லை, மாட்டினம், காட்டுமாடு என்பதுதான் சரி என்று திருத்தியவர் சொல்வது உண்மை. சங்கப் பாட்டில் இதற்கு ஆமா என்று பெயர் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நல்ல பெயர். ஆனால் கடையில் "இது என்ன, மாடா?" என்று கேட்டால் "ஆமா" என்று சொல்லி, அவரும் தலையாட்டி, இரண்டு பேரும் வேறு வேறு பதிலோடு போவோம்.

கரடி: நார்ட்டன் பங்களா பக்கம் கரடி குகை இருக்கிறது, அதனால் கரடி போடலாம் என்கிறீர்கள். போடுங்கள். எல்லோரும் போடுகிறார்கள், நானும் ஐம்பது போட்டிருப்பேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மாடு எதற்கு: இதை என் தோழியிடமே கேட்டேன், அவள்தான் வேதக்காரி. மாட்டுத்தொழுவத்துக் குடிலில் மாடும் கழுதையும் இல்லாமல் எந்தக் குடில் என்றாள். லூக்கா சுவிசேஷத்தில் முன்னணை மட்டும்தான் இருக்கிறது, மாடு இல்லை. 1223ல் இத்தாலியில் கிரெச்சோ என்கிற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்துமஸ் கொண்டாடினார், அதிலிருந்து குடில் வைக்கிற பழக்கம் பரவியது என்றும் சொன்னாள். பனிநாட்டு மானுக்குக் கிடைக்கிற இடம் எஸ்டேட் மாட்டுக்குக் கிடைக்காதா? மாடு முன்னே, மான் பின்னே.

டிசம்பர் 3

காட்டெருமை. நாலு பிரித்து, ஐந்தாவதில் வந்தது.

அடிப்படை நிறம் கரும்பழுப்பு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, காலுறை போட்டது போல. இது இல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், இது மட்டும் இருந்தால் உருளைக்கிழங்கைக்கூட ஏற்காட்டுக்காரர் காட்டெருமை என்று சொல்லிவிடுவார். நெற்றியில் கொம்புக்கு நடுவே சாம்பல் மேடு. கொம்பு வெளிர்மஞ்சள், நுனி கறுப்பு.

உடம்பை வாலிலிருந்து கழுத்தை நோக்கிப் போடுங்கள். 6, 12, 18, 24. ஐந்தாம் ஆறாம் சுற்று 24 அப்படியே. ஏழாவதில் அடுத்தடுத்து மூன்று கண்ணியில் மட்டும் இரண்டிரண்டு, ஆக 27. எட்டாவது சும்மா. ஒன்பதாவதில் அதே மேட்டின் மேல் மூன்று குறைப்பு, மறுபடி 24. திமில் எழுந்து நிற்கும். அப்புறம் 18, பஞ்சு, 12, இன்னும் பஞ்சு, 6, மூடல்.

சுருளாகப் போடுவதில் கண்ணி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகரும். ஊக்கு இருக்கிற இடம் முதுகு என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒன்பதாவது சுற்றில் அது விலாவுக்குப் போயிருக்கும். என் முதல் காட்டெருமைக்குத் திமில் இடுப்பில். எண்ணிக்கையை நம்பாமல் கையில் நிறுத்திப் பார்த்து, மேடு எங்கே என்று கண்ணால் முடிவு செய்யுங்கள்.

கால்: 6 கண்ணி, வெள்ளை மூன்று சுற்று, பழுப்பு இரண்டு. நிறம் மாற்றும்போது வெள்ளையின் கடைசிக் கண்ணியை முடிக்கிற இழுப்பிலேயே பழுப்பைப் பிடிக்க வேண்டும். அப்படியும் படிக்கட்டு மாதிரி ஒரு ஏற்றம் தெரியும், சுருள் என்றால் தெரியத்தான் செய்யும். அந்தப் பக்கத்தை வயிற்றுப் பக்கமாகத் தைத்துவிடுங்கள். காலில் பஞ்சு வேண்டாம், மிச்ச நூல் துண்டுகளைத் திணித்தால் போதும்.

கொம்பு: கறுப்பில் 4 கண்ணி ஒரு சுற்று, மஞ்சளில் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பாதியைச் சிங்கிளாகவும் மறுபாதியை ஸ்லிப் கண்ணியாகவும் (நூலை இழுக்கும்போதே ஊசியில் இருக்கிற வளையத்தையும் தாண்டிவிடுவது) போட்டால் உயரம் ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் குறைந்து, தானாக வளையும். திமில் கணக்குத்தான்.

தைக்கக் கோணி ஊசி. முனையை அம்மியில் நாலு தேய்ப்புத் தேய்த்து மழுங்கடித்தால் இழையைக் கிழிக்காது.

டிசம்பர் 4

தலைக்கு என்ன கண்ணி என்று ஐந்து பேர். 6, 12, 18, மூன்று சுற்று அப்படியே, 12, பஞ்சு. மூடாமல் விட்ட முனையை உடம்போடு தையுங்கள். எழுதின கையோடு தலையை மறந்துவிட்டேன்.

டிசம்பர் 5

தொங்கவிட்டால் மூக்கு தரையைப் பார்க்கிறதாம். கொம்பும் தலையும் முன்னால் கனம். கயிற்றை நடுமுதுகில் கட்டினால் கவிழும். திமிலில் கட்டுங்கள். என்னவோ காட்டெருமைக்குத் தோள்மேல்தான் மேடு, பொம்மையின் எடை சமமாகிற இடமும் அதுவே. கலைமானில் அந்த இடத்தில் கயிறு கட்ட ஒன்றுமே இல்லை, தலையில் கட்டினால் தூக்குப் போட்ட மாதிரி இருக்கும். கிறிஸ்துமஸ் அதுவுமாக அது எதற்கு.

என்னுடையது சமையல் தராசில் 14 கிராம். நிஜத்தில் முக்கால் டன்னைத் தாண்டுகிற பிராணி.

டிசம்பர் 9

சலங்கை. செவ்வாய்பேட்டைக்காரி (சேலத்தில் கொலுசு செய்கிற பகுதி) என்பதால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள். கொலுசில் வைக்கிற குட்டிச் சலங்கை கழுத்தில் கட்டினால் அழகுதான், மரத்தை அசைத்தால் சத்தமும் வரும். வெள்ளி விற்கிற விலையில் 12 மாட்டுக்கு வெள்ளிச் சலங்கை கேட்டேன். வீட்டுக்காரர் வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பித்தளை கொடுத்தார். ஏற்காட்டு ஈரத்தில் வெள்ளியும் கறுக்கும், அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பட்டறையில் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் மாலை நேரத்தில் "கண்ணி விட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 11

அந்த ஒன்றரை வயதுப் பையனை மறந்துவிட்டோம். அவன் கைக்குப் போகிறதில் சலங்கை கூடாது, மணிக்கண் கூடாது. சேஃப்டி கண் என்று விற்கிறார்களே, அதுவும் கூடாது. பெயரில்தான் சேஃப்டி. பின்பக்க வாஷர் கழறாது, ஆனால் குரோஷா துணி இழுத்தால் விரியும், கண் வாஷரோடு சேர்ந்து துளைவழியே வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கண்ணைக் கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள், ஜவ்வரிசி அளவு இரண்டு முடிச்சு. கயிறும் வேண்டாம்.

டிசம்பர் 12

தோழி எஸ்டேட்டிலிருந்து ஒரு பிடி வறுத்த காப்பிக்கொட்டை அனுப்பினாள், மூக்குக்கு வைத்துப் பார் என்று. நடுக்கோட்டோடு அது மாட்டு மூக்கு மாதிரியே இருக்கிறது! ஊசி குத்தினால் நொறுங்கியது. கோந்தில் ஒட்டினேன், நின்றது. 1820ல் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்றைக்கு இதற்கு என்று நினைத்திருக்க மாட்டார்.

(பையனுடையதில் காப்பிக்கொட்டையும் கூடாது. கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.)

டிசம்பர் 13

வீடியோக்களில் "அமிகுருமி" என்கிறார்களே என்ன என்று ஒருவர். ஜப்பானியச் சொல். அமி என்றால் நூல் பின்னல், நுய்குருமி என்றால் பஞ்சடைத்த பொம்மை, இரண்டையும் ஒட்டியது. நாங்கள் பள்ளியில் "பொம்மை" என்றோம். வேலை ஒன்றுதான்.

டிசம்பர் 21

ஏற்காடு பஸ். டப்பாவில் 11 முடிந்தது, கையில் பன்னிரண்டாவது பாதி. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, ஊக்குக்குப் பதில் வளைவையே அடையாளமாக வைத்துக்கொண்டு வளைவுக்கு ஒரு சுற்று போடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறாவது வளைவுவரை சரியாகப் போயிற்று. ஒன்பதாவதில் எதிரே லாரி, பஸ் நின்றது, நான் இரண்டு சுற்று போட்டுவிட்டேன். பதினொன்றில் தலை சுற்றியது. பக்கத்து சீட் அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்து, "மலை ஏறும்போது குனியாதே கண்ணு" என்றார். பன்னிரண்டாவது மாடு மற்றவற்றைவிட ஒரு சுற்று நீளம்.

டிசம்பர் 22

மரம் என்றால் சவுக்குக் கிளை, தொட்டியில் ஈர மணல் கொட்டி நட்டது. 14 கிராம் ஒன்றுமில்லை என்று நினைத்தோம். சவுக்கு நுனி அதைக்கூடத் தாங்காமல் மீன் மாட்டின தூண்டில் மாதிரி வளைந்தது. எல்லா மாட்டையும் தண்டை ஒட்டி உள்ளே நகர்த்தினோம். இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை, கிட்டே வந்தால் இலைக்குள்ளிருந்து வெள்ளைக் கால் தெரிகிறது. எஸ்டேட்டில் நிஜமானதும் இப்படித்தான் தெரியும் என்றாள் தோழி. காப்பிச் செடிக்கு மேலே முதுகு, கீழே வெள்ளைக் கால், அவ்வளவுதானாம்.

டிசம்பர் 26

கேள்வி கேட்டவர் போட்டோ போட்டிருக்கிறார். திமில் சரியான இடத்தில். என்னுடைய ஐந்தாவதைவிட அவருடைய மூன்றாவது நன்றாக இருக்கிறது. பையன் மாட்டின் காலை வாயில் வைத்திருக்கிறான். கலைமான் உருளைக்கிழங்கையும் அவர் தூக்கிப் போடவில்லை, மரத்தின் பின்பக்கம் தொங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. வாலுக்கு விறைப்பாக இருக்கட்டும் என்று நான் ஒன்றில் மட்டும் இரும்புக் கம்பி வைத்தேன். நாலு நாள் மூடுபனியில் துரு கசிந்து பின்பக்கம் மஞ்சள் கறை. மாட்டுக்கு அந்த இடத்தில் கறை என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. செம்புக் கம்பி வையுங்கள், அல்லது வைக்காதீர்கள்.

ஜனவரி 8

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து தோழி மரத்தைப் பிரித்து, டப்பாவைக் கீழே அனுப்பிவிட்டாள். "அங்கே மாட்டுப் பொங்கல் வருதே, நீ வச்சுக்கோ" என்று சீட்டு. மொட்டை மாடியில் ஒரு நாள் வெயிலில் காயவைத்தேன். அக்ரிலிக் என்பதால் பூசணம் எதிலும் இல்லை. ஒன்றே ஒன்றில் மூக்கைக் காணோம், எறும்பா எலியா தெரியவில்லை.

ஜனவரி 13

வீட்டுக்காரர் பட்டறை மேஜையில் 12ஐயும் வரிசையாக நிறுத்திக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், கறுப்பு நுனியையும் விடவில்லை. அக்ரிலிக் நூலில் ஃபேப்ரிக் பெயின்ட் நன்றாகவே ஏறுகிறது. காட்டெருமைக்கு யாராவது கொம்புக்கு வர்ணம் அடிப்பார்களா என்றேன். பிடித்து நிறுத்த முடிந்தால் அடிப்பார்கள் என்றார்.

அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து ஒரு தப்புக் கண்டுபிடித்தார். டிசம்பர் 3ல் கொம்புக்கு மஞ்சள் ஐந்து சுற்று என்று எழுதினேன். 18 கண்ணித் தலைக்கு அது நீளம், வளைந்து கண்ணுக்குள் போகிறது. நாலு போதும். ஸ்லிப் கண்ணியை இறுக்கிப் போட்டால் அடுத்த சுற்றில் ஊசியே நுழையாது, அதைத் தளர்த்திப் போடுங்கள். முதலில் வந்த ஐந்துக்குக் கொம்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், வர்ணம் காய்வதற்குள்.